கடலோடு கூடிய ஜன்னல்

பொன்னுரங்கம் எங்கள் தெருவுக்குப் பஸ்ஸில் வரவில்லை, ரயிலில் வரவில்லை, கூரியரில் வந்தார். எங்கள் தெருப் பெண் பவுலின் இணைய ஏலத்தில் விற்ற கப்பல் ஜன்னலைப் பிடிக்கவில்லை என்று அவர் திருப்பி அனுப்பிய அட்டைப்பெட்டிக்குள்ளேயே, அந்த ஜன்னலை மார்போடு அணைத்துக்கொண்டு, போர்வையை மடித்து வைத்தது மாதிரி கைகால் மடிந்து வந்து சேர்ந்தார். கூரியர் சுடலைமணி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “யக்கா, போறப்ப இருந்ததவிட வாறப்ப கனம் சாஸ்தி, அந்த ஊர்த் தண்ணி ஜன்னலுக்கு ஒத்துக்கிட்டு போல” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டானே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நான் கில்டா, எதிர் வீடு. அந்நேரம் வாசலில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன், என் ரெண்டு கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் தூத்துக்குடிக்கு வந்து எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவுலின் யார் என்று சொல்லாமல் மேலே போனால் கதை நிற்காது. துறைமுகத்துப் பக்கத்துக் குடோன்களில், ஆயுசு முடிந்த கப்பல்களில் கழற்றிய சாமான்கள் வந்து குவியும். மணி, விளக்கு, திசைகாட்டி, கப்பல் பேர் பொறித்த பீங்கான் தட்டு, இப்படி ஏதாவது. அவற்றை வாங்கிவந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பித்தளையில் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்ததும் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டோ பிடித்து, போனில் ஏலத்துக்கு விடுவாள். அதற்கு முன்னால் ஐஸ் கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டிருந்தவள். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை ஐஸ் தண்ணீரில் கை ஊறி, விரல் நுனியெல்லாம் வெடித்து, சோற்றில் கை வைத்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்ட காலம் அது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள், அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த ஐஸ் தண்ணீரிலிருந்து அவளைக் கரையேற்றியது இந்தப் போனும் இந்த ஏலமும்தான். “மறுபடியும் அந்த இறால் கூடைக்கு முன்னால உக்காரச் சொன்னா நான் செத்தே போவேன் கில்டா” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

ஏலத்தில் வாங்குகிறவர்கள் எல்லாரும் தங்கமானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அம்மாடி! போட்டி போட்டுக் கேட்டு ஜெயித்துவிட்டு ‘ஐயோ, தெரியாம கை பட்டுட்டு’ என்று நழுவுகிறவர் உண்டு, ஜெயித்த பிறகு கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி குறைத்துக் கேட்கிறவர் உண்டு, விடிவதற்கு முன்னால் போன் போட்டு ‘பெட்டி கிளம்பிட்டா, எந்த ஊர் தாண்டிருக்கு’ என்று பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவராட்டம் தவிக்கிறவர் உண்டு, விளக்கை மகள் கல்யாண மேடையில் வைத்துப் படமெல்லாம் எடுத்து முடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு திருப்பி அனுப்பி ‘பழசா இருக்கு’ என்று எழுதுகிறவரும் உண்டு. தாத்தா காலத்து விளக்கு பழசாக இல்லாமல் வேறெப்படி இருக்கும் என்று நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். பவுலின் கேட்க மாட்டாள். ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, ‘வணக்கம் சார், உங்க மனவருத்தம் எனக்குப் புரியுது சார், ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்க சார்’ என்று ஆரம்பிப்பாள். அப்படிச் சர்க்கரை தடவிப் பேசிப் பேசியே அவள் கடைப் பெயருக்குப் பக்கத்தில் அஞ்சு நட்சத்திரமும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. பெட்டியை வெட்டுவதற்கு முன்னால் போனில் வீடியோவை ஓடவிட வேண்டும், சாமான் வெளியே வரும்வரை நடுவில் நிறுத்தக் கூடாது, வீடியோ இல்லை என்றால் புகாரும் இல்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கிற சட்டம்தான் அது.

நாமக்கல் பக்கத்திலிருந்து பொன்னுரங்கம் கேட்டு வாங்கியது வட்டமான ஒரு பித்தளை ஜன்னல். கப்பல் அறைக்குள் இருந்து கடலைப் பார்க்க வைத்திருப்பார்களே, கனத்த கண்ணாடி போட்டு, ஓரத்தில் பெரிய திருகு வைத்து, அது. பவுலின் வழக்கம்போல் அதைக் கடற்கரை மணலில் நட்டுவைத்துப் படம் எடுத்திருந்தாள்; கண்ணாடி வழியாகக் கடல் நீலமாகத் தெரிந்தது, தூரத்தில் ஒரு வள்ளம்கூட நின்றது. பெட்டி போய்ச் சேர்ந்ததும் அவரிடமிருந்து செய்தி வந்தது, நடுவில் நிறுத்தாத வீடியோவோடு, மரியாதையாக: ‘வணக்கமுங்க. ஜன்னல் வந்து சேர்ந்தது. கடல் வரவில்லை. படத்தில் ரெண்டும் சேர்ந்துதான் இருந்தது. இங்கே சுவரில் மாட்டினால் சுவர்தான் தெரிகிறது. மீதியை அனுப்பிவைக்கவும்.’

பவுலின் தண்ணீரைக் குடித்துவிட்டு, கடல் படத்துக்காக மட்டும் சார் என்று எழுதினாள். அப்படி எங்கேயும் போடவில்லையே அம்மணி என்று அவர் எழுதினார். ஜன்னலை எங்கே வைத்தாலும் எதிரில் இருப்பதுதானே சார் தெரியும் என்று இவள். எனக்கு எதிரில் இருப்பதைப் பார்க்க ஜன்னல் எதற்குங்க என்று அவர். அந்தக் கேள்விக்குத் தடவ அவளிடம் சர்க்கரை இருக்கவில்லை. ஏலம் நடத்துகிற தளத்துக்காரர்கள் ‘விவரத்துக்கு ஒத்துவராத பொருள்’ என்று வழக்கைப் பதிந்துகொண்டு, திருப்பி அனுப்பலாம் என்று அவருக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

பெட்டி வந்த அன்றைக்குத்தான் பவுலின் அந்தத் தப்பைச் செய்தாள். ஊருக்கெல்லாம் வீடியோ வீடியோ என்று படித்துப் படித்துச் சொல்கிறவள், திரும்பி வந்த பெட்டியை வீடியோ எடுக்காமல் வெட்டினாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பெட்டி அவள் பெட்டி, ஓரத்தில் ‘பத்திரம்’ என்று இருந்தது அவள் கையெழுத்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்து யாராவது வீடியோ எடுப்பார்களா? கத்தியால் டேப்பைக் கீறி மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்து குரல் வந்தது.

“பார்த்துங்க அம்மணி, கத்தி காதுல படுது.”

முதலில் ஒரு கை நிமிர்ந்தது, பிறகு முழங்கால், அப்புறம் கழுத்து, கடைசியாக முதுகு சடசடவென்று பிரிந்து, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அறுபது தாண்டிய ஒரு மனிதர் எழுந்து நின்று, பெட்டியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, “உள்ளார ஒரே தூசிங்க, நல்ல அட்டையா வாங்கக் கூடாதுங்களா” என்றார். சட்டையில் மட்டுமில்லை, ஆள் மேலேயே மடிப்புக்கோடு இருந்தது; கன்னத்தின் குறுக்கே ஒன்று, நெற்றிக்கு நடுவில் ஒன்று.

“நீங்க யாரு?” என்றாள் பவுலின்.

“பொன்னுரங்கமுங்க. திருப்பி அனுப்பலாம்னு சொல்லியிருந்தாங்களே.”

“ஜன்னலைத்தான சொன்னாவ!”

“ஜன்னலும் இருக்குதுங்களே, இந்தாங்க. கொண்டுபோயி அந்தக் கடலுக்கு முன்னால வச்சுக் குடுங்க, பார்த்துப்போட்டுச் சொல்றேன்.”

நான் சாளையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். “ஆருங்க உங்களை இப்படி மடிச்சது? நல்லா இருப்பாவளா அவுக?” என்று கேட்டேன்.

“நானேதானுங்க. அந்த வீட்ல மடிஞ்சு மடிஞ்சு பழக்கமாயிப் போச்சு. மவன் வந்தா ஒரு மடிப்பு, மருமவ வந்தா ஒரு மடிப்பு, காலை நீட்டுனா டிவி மறைக்குதுன்னு ஒரு மடிப்பு. பெட்டிக்குள்ள ஒண்ணும் சிரமமா இல்லீங்க” என்றார். அழவில்லை, குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை, விலாசம் சொல்கிற மாதிரி சொன்னார்.

வாங்கியவரே பெட்டியில் வந்திருக்கிறார் என்று பவுலின் தளத்துக்காரர்களுக்கு எழுதினாள். அன்பார்ந்த விற்பனையாளரே, பெட்டியைத் திறந்த வீடியோவை இணைக்கவும் என்று பதில் வந்தது. வீடியோவுக்கு அவள் எங்கே போவாள்? இல்லை என்றதும் தீர்ப்பு வந்துவிட்டது. வாங்கியவர் ‘திருப்தி’ என்கிற பொத்தானை அமுக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி வந்த எடை குறையாமல் வாங்கியவர் விலாசத்துக்கே திரும்பிப் போய்ச் சேர வேண்டும், ரெண்டும் நடக்காவிட்டால் கடை மூடப்படும். அவர்கள் குறித்துக்கொடுத்த தேதி எங்கள் மாதா கோயில் திருவிழாக் கொடியிறக்கத்துக்கு மறுநாள் விழுந்தது. அதற்கு இன்னும் நாள் கிடக்கிறது, அதற்குள் மனுசன் மனசு இளகாமலா போய்விடும் என்று பவுலினுக்கு நாங்கள் தைரியம் சொன்னோம்.

பெட்டியில் ஆள் வந்ததைத் தெரு ஒரு நாளில் செரித்துவிட்டது. அவரை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் செரிக்க நேரமெடுத்தது. தனியாக ஒரு பெண் இருக்கிற வீடு, அவரோ முன்னே பின்னே தெரியாத ஆம்பளை, இதில் அவர் விருந்தாளியா சாமானா என்று தெருவே ரெண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பங்குச்சாமியார் வந்து பார்த்து, “சாப்பிடுதாரா? அப்ப விருந்தாளி. லேபிள் ஒட்டியிருக்கா? அப்ப சாமான்” என்று ரெண்டு பக்கத்துக்கும் நல்லவராகிவிட்டுப் போனார். கடைசியில் பகலில் விருந்தாளியாக வீட்டில் சாப்பிடுவது, இருட்டியதும் சாமானாக, அவள் சரக்கு வைத்திருக்கிற ஷெட்டில் மணிகளுக்கும் விளக்குகளுக்கும் நடுவில் படுத்துக்கொள்வது என்று முடிவானது. இஸ்திரிக் கடைக்காரர் மடிப்பை எடுத்துத் தருகிறேன் என்று மெனக்கெட்டு வந்தார், வேண்டாமென்று அனுப்பிவிட்டோம். எங்கள் ஊர் உப்புக்காற்று பட்டுப் பட்டு, கன்னத்து மடிப்பு தானாகவே லேசாகிக்கொண்டு வந்தது.

அவர் நாமக்கல்லில் ஆயுசு பூராவும் முட்டைக் கம்பெனியில் இருந்தவர். ஒவ்வொரு முட்டையையும் விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, விரிசல் இருந்தால் எடுத்து ஒதுக்குவது அவர் வேலை. வேலை போன பிறகும் கண் போகவில்லை. வந்த மறுநாளே என் சட்டியை எட்டிப் பார்த்து, “ஏனுங்க, மீனுக்குக் கண்ணு கலங்கியிருக்குதுங்களே” என்றார். சட்டியை அவர் தலையில் கவிழ்க்கிற கோபம் வந்தது எனக்கு. குனிந்து பார்த்தால், கலங்கித்தான் இருந்தது. மீன்காரியை அன்றைக்கு நான் விட்ட டோஸில் அவள் இன்றுவரை எனக்குப் பழைய மீன் தருவதில்லை. பேக்கரி தனிஸ்லாஸ் அண்ணனின் மக்ரூனைக் கையில் வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்து, “முந்திரி கம்மிங்க, நுனி ஒடிஞ்சிருக்குதுங்க” என்றார். அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவர், பிறகு தினமும் முதல் தட்டை எடுத்துக்கொண்டு இவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் பாட்டுக்குழுவில் யார் சுதி விலகுகிறார்கள் என்று காட்டிக்கொடுத்தார், வீடு கட்டுகிறவர்கள் செங்கல்லைத் தட்டிப்பார்க்கக் கூட்டிப்போனார்கள், மாப்பிள்ளை பார்க்கக் கூட்டிப்போனார்கள். அந்த மாப்பிள்ளைக்கு என்ன விரிசல் கண்டார் என்று அந்த வீட்டார் இன்னும் வெளியே விடவில்லை, ஆனால் கல்யாணம் நின்றது, பெண் மிட்டாய் கொடுத்தாள்.

பவுலினுக்கோ கேட்கவே வேண்டாம். ஏலத்துக்கு விடுகிற ஒவ்வொரு சாமானையும் அவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்வார், அவள் அதை அப்படியே விவரத்தில் ஏற்றுவாள். ‘கைப்பிடியில் கீறல் உண்டு.’ ‘மணி அடித்தால் கடைசியில் லேசாக இருமும்.’ ‘பழசு. நிஜமாகவே பழசு.’ வாங்குகிறவர்கள் சொல்ல வேண்டிய புகாரையெல்லாம் வாங்குவதற்கு முன்னாலேயே அவர் சொல்லி முடித்துவிட்டதால், வாங்கிய பிறகு சொல்ல அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இருமுகிற மணியைக் கேட்டு அடித்துக்கொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் தண்ணீர் குடிப்பதே குறைந்துவிட்டது என்று நான் கேலி செய்வேன்.

சாயங்காலமானால் ரெண்டு பேரும் ஜன்னலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். மணலில் நட்டுவைத்து, அதற்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த வட்டத்துக்குள் கடலைப் பார்ப்பார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கடல் சும்மா கிடக்கும்போது எதற்கு ஒரு தட்டளவு ஓட்டைக்குள் பார்க்கிறார்கள் என்று வலை உலர்த்துகிற ஆட்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு அவர்களும் வந்து குனிந்து பார்ப்பார்கள்.

“அசையுதுங்களே” என்பார் அவர். “படத்துல அசையல.”

“உசுரோட இருக்குல்லா சார், அசையத்தான் செய்யும்.”

“நீலமும் இது இல்லீங்க. படத்துல இருந்தது வேற நீலம்.”

“நாளைக்கு வந்து பாப்போம் சார். நாளைக்கு அந்த நீலம் வந்தாலும் வரும்.”

மறுநாள் வேறொரு நீலம் வரும், அதற்கு மறுநாள் சாம்பல் வரும், ஒருநாள் மழைக்கு முந்தின பச்சை வந்தது, எதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. திருப்தி இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். பவுலின் பல் தெரியச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். அவரும் மணலில் காலை நன்றாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவுக்கே தெரிந்த இந்தச் சங்கதி அந்த ரெண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தார்கள்.

கொடியேறியது, நவநாள் ஓடியது, சப்பரம் வந்தது, தளத்துக்காரர்களிடமிருந்து நினைவூட்டல் மேல் நினைவூட்டல் வந்தது. பவுலின் கையைக் கையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். விரல் நுனிகளைத் தடவிப் பார்ப்பாள், பழைய வெடிப்பு திரும்பி வந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல. தனிஸ்லாஸ் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். ஆளின் எடைக்கு உப்பை மூட்டை கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுவோம், நம்ம ஊரில் உப்புக்கா பஞ்சம், எடை சரியாக இருந்தால் எவனுக்குத் தெரியப்போகிறது என்றார். பவுலின் முகம் சிவந்துவிட்டது. “பெட்டிக்குள்ள கல்லையும் மண்ணையும் வச்சு அனுப்புத கூட்டத்துல என்னையும் சேக்கிறியளா? கடை போனாலும் போவட்டும், அத மட்டும் செய்ய மாட்டேன்” என்றாள். அண்ணன் உப்பு மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்.

கொடியிறங்கிய அன்று மத்தியானம் அவள் போனை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். நாங்களும் போனோம், ஒட்டுக்கேட்டோம் என்று சொன்னாலும் சரி, கவலையில் போனோம் என்று சொன்னாலும் சரி, வாசலில் தெருவே நின்றது. அவர் ஒரு விளக்கின் சிம்னியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு பொத்தான் சார். அமுக்கிருங்க.”

“திருப்தி ஆவலைங்களே அம்மணி.”

“இன்னும் என்னதான் சார் குறை?”

அவர் சிம்னியைக் கீழே வைத்தார். “விரிசல் முட்டைய நல்ல முட்டைன்னு ஒருநாளும் தட்டுல வச்சதில்லீங்க” என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. “பொத்தான அமுக்கிப்போட்டா வழக்கு முடிஞ்சு போகுமுங்க. முடிஞ்சு போச்சுன்னா, அப்புறம் நானு எதுக்குங்க இங்க?”

எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் பதில் வைத்திருக்கிற பவுலின், தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, கடைசியில் இதைச் சொன்னாள்:

“அது உங்க விருப்பம் சார்.”

அடிப் பாதகத்தி! கட்டிப்பிடித்து அழச் சொன்னேனா, காலில் விழச் சொன்னேனா, ‘இருங்க’ என்று ஒரு சொல், அதைச் சொன்னால் வாயில் இருக்கிற முத்து கொட்டிப்போகுமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் தலையில் நங்கென்று ஒன்று வைத்திருப்பேன். ஆத்திரம் ஆறின பிறகு கேட்டேன், ஏன்டி சொல்லவில்லை என்று. கண்ணுக்கு முன்னால் இறால் கூடை வந்து நின்றது என்றாள். இன்னொன்றும் சொன்னாள், யாரையும் இரு என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லையாம், எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லையாம். அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

“அப்பச் சரிங்க. பெட்டிய எடுத்துட்டு வாங்க” என்றார் பொன்னுரங்கம்.

தரையில் உட்கார்ந்து, பழைய கோடு பார்த்து ஒவ்வொன்றாக மடிந்தார். உப்புக்காற்றில் மறைந்துபோயிருந்த கன்னத்து மடிப்பு கண்ணுக்கு முன்னால் திரும்பி வந்தது. தனிஸ்லாஸ் அண்ணன் மக்ரூன் பொட்டலத்தைக் கையில் திணித்தார், அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மடிக்குள் வைத்துக்கொண்டார். நான் தலைக்கு அடியில் வைக்க ஒரு பழைய சேலையைச் சுருட்டிக் கொடுத்தேன், கிழிசல் இருந்தது, கிழிசல் என்று சொல்வார் என்று காத்திருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவர் குறை சொல்லாமல் இருந்ததுதான் எங்கள் எல்லாரையும் உடைத்துப்போட்டது. பவுலின் அவர் மார்புக்கு நேராக ஜன்னலை வைத்து, மூச்சுவிட அட்டையில் ஓட்டை போட்டு, டேப் ஒட்டினாள். ஒட்டி முடிக்கிறவரை போனில் வீடியோ ஓடியது. சுடலைமணி வந்து எடை போட்டுப் பார்த்து, “சரியா இருக்குக்கா” என்றான், யார் முகத்தையும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனான்.

பெட்டி மதுரை தாண்டியது, திண்டுக்கல் தாண்டியது, கரூரில் ராத்திரி பூராவும் கிடந்தது. அவள் போனில் தெரிந்ததையெல்லாம் தெருவுக்கு நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ‘ஒப்படைக்கப்பட்டது, பெற்றுக்கொண்டவர்: மருமகள்’ என்று வந்தது. அன்பார்ந்த விற்பனையாளரே, உங்கள் கடை தொடர்ந்து இயங்கும், வாழ்த்துகள் என்றும் வந்தது. கடை பிழைத்தது, இறால் கூடை தூரப் போனது, அஞ்சு நட்சத்திரமும் இருந்த இடத்திலேயே இருந்தன. பவுலின் மறுபடியும் விவரம் எழுதினாள், பழைய மாதிரி, ‘மிக நல்ல நிலையில் உள்ளது’ என்று. கடற்கரைக்குப் போட்டோ எடுக்கப் போனால் எடுத்த கையோடு திரும்பி வந்துவிடுவாள். தெருவில் எல்லாம் சரியாக இருப்பதாக எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், சொல்லிவிட்டு எதற்கென்று தெரியாமல் எரிந்து விழுந்தோம். பாட்டுக்குழு இஷ்டத்துக்குப் பாடியது.

அப்புறம் ஒருநாள் காலையில், நான் அவள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் சிணுங்கியது. அவள் எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னடி என்று நான் எட்டிப் பார்த்தேன். பொன்னுரங்கம் நட்சத்திரம் போட்டிருந்தார். நாலு. கீழே எழுதியிருந்தார்:

‘ஜன்னல் படத்தில் உள்ளபடியே இருந்தது. கடலும் இருந்தது. கொஞ்சம் அசைகிறது, பரவாயில்லை. பொருளில் குறை ஒன்றும் இல்லை. விற்றவர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.’

அழுவாள் என்று நினைத்தேன், அழுதாள், நன்றாகவே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நியாயமான புகார்தான் கில்டா” என்றாள். எழுந்து உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள், ஷெட்டுச் சாவியை என் கையில் வைத்தாள், நாமக்கல்லுக்குப் புது பஸ் ஸ்டாண்டில்தானே ஏற வேண்டும் என்று கேட்டாள்.

“நீ எதுக்குட்டி அவ்வளவு தூரம் அலையுத? திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிப்போட்டா சுடலைமணி கொண்டாந்து வாசல்ல இறக்கிருவாம்லா” என்றேன்.

“பெட்டியெல்லாம் வேண்டாம்” என்றாள் பவுலின். “இந்தத் தடவை என் பக்கத்துல நிமிந்து உக்காந்து வரட்டும்.”